தரவின் நடுவே நின்று பார்த்தால் புரிதல் கூடுமா? – வாசகர் கேள்வி பதில்

காவிரிப் படுகை மாவட்டங்களிலிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் பல, தலையில் மாட்டிக்கொண்டு பார்க்கும் வி.ஆர். ஹெட்செட் என்னும் மெய்நிகர்க் கருவியைப் பற்றியவை. கல்லூரி ஆய்வகங்களுக்கும் உழவர் பயிற்சிகளுக்கும் இக்கருவி வரத் தொடங்கியிருப்பதால், வரைபடங்களையும் நிலப்படங்களையும் அதற்குள் காட்டினால் கூடுதலாகப் புரியுமா என்ற ஐயத்தைப் பலர் பல விதமாக எழுப்பியிருக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: எங்கள் துறைக்கு வி.ஆர். ஹெட்செட் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். முதுகலைத் திட்டக் கட்டுரைக்காகத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் குறுவை, சம்பா மகசூலை ஒன்றியவாரியாகத் திரட்டி வைத்திருக்கிறேன். நிலப்படத்தில் ஒவ்வோர் ஒன்றியத்தின் மீதும் மகசூலுக்கு ஏற்ற உயரத்தில் ஒரு தூண் நிற்பதுபோல ஹெட்செட்டில் அமைத்தால் மதிப்பெண் கூடும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த ஒன்றியம் முன்னிலையில் இருக்கிறது என்று தோழியிடம் கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. என்ன செய்யலாம்?
– புள்ளியியல் மாணவி, கும்பகோணம்

பதில்: உங்கள் தோழி தடுமாறியதற்கு அந்தக் காட்சி அமைக்கப்பட்ட விதமே காரணம். அளவுகளை ஒப்பிடுவதில் மனிதக் கண் எங்கே கூர்மையானது, எங்கே மந்தமானது என்பதை வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் என்னும் புள்ளியியலாளர்கள் 1984இல் சோதனைகள் நடத்தி வரிசைப்படுத்தினர். ஒரே அளவுகோலின் மீது இரண்டு புள்ளிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்க்கும்போது நாம் மிகக் குறைவாகப் பிழை செய்கிறோம். தனித்தனியே நிற்கும் கோடுகளின் நீளத்தை ஒப்பிடுகையில் பிழை சற்றுக் கூடுகிறது. கோணம், பரப்பு, கன அளவு என்று போகப் போக அது பெருகிக்கொண்டே செல்கிறது. உங்கள் தூண்கள் ஒரே தளத்தில் நிற்பதாகக் கணினிக்குத் தெரிந்தாலும் பார்ப்பவரின் கண்ணுக்கு அவற்றைச் சேர்த்து அளக்கப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடைப்பதில்லை. திருவிடைமருதூரின் அருகே நிற்பவருக்கு அந்தத் தூண் நெடிதாகவும், தொலைவில் இருக்கும் வேதாரண்யத்தின் தூண் குட்டையாகவும் தோன்றும். தொலைவைக் கணக்கில் கொண்டு மூளை இதை ஓரளவு திருத்திக்கொள்கிறது என்றாலும், பத்து விழுக்காடு வேறுபாட்டைப் பிரித்தறியும் வேலைக்கு அந்தத் திருத்தம் போதாது.

இதனுடன் இன்னும் இரண்டு இடர்கள் சேர்கின்றன. முன்னால் நிற்கும் தூண் பின்னால் நிற்பதை மறைக்கிறது. நடந்து சுற்றிப் பார்த்தால் மறைந்தது தெரியும், ஆனால் அதற்குள் முன்பு பார்த்ததை நினைவில் ஏந்திக்கொண்டிருக்க வேண்டும், ஒப்பிடும் பணி கண்ணிடமிருந்து நினைவாற்றலுக்குப் போய்விடும். அடுத்தது எழுத்தின் தெளிவு. நல்ல பார்வை உள்ள கண் ஒரு பாகைக் கோணத்துக்குள் ஏறத்தாழ 60 புள்ளிகளைப் பிரித்தறியும். 2020இல் வந்த குவெஸ்ட் 2 கருவி ஒரு பாகைக்கு ஏறத்தாழ 20 புள்ளிகளையும் 2023இல் வந்த குவெஸ்ட் 3 ஏறத்தாழ 25 புள்ளிகளையுமே காட்டுகின்றன. அச்சிட்ட தாளில் உறுத்தாமல் படிக்கும் எண்களை ஹெட்செட்டுக்குள் பெரிதாக்கித்தான் எழுத வேண்டும், பெரிதாக்கினால் அவையே காட்சியை அடைத்துக்கொள்ளும்.

ஆகவே உங்கள் மகசூல் விவரத்துக்கு நான் பரிந்துரைப்பது, ஒன்றியங்களை மகசூலின் வரிசையில் அடுக்கி ஒரே அளவுகோலில் புள்ளி வைத்துக் காட்டும் தட்டையான வரைபடத்தை. குறுவைக்கு ஒரு நிறமும் சம்பாவுக்கு இன்னொரு நிறமும் கொடுத்தால், இரண்டு போகத்திலும் ஓங்கி நிற்கும் ஒன்றியம் எது, ஒன்றில் மட்டும் தேறிய ஒன்றியம் எது என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ஆம் நாளில் திறக்கப்பட்ட ஆண்டுகளையும் தாமதமாகத் திறக்கப்பட்ட ஆண்டுகளையும் இரு பத்தியாகப் பிரித்து அருகருகே வைத்தால், குறுவைப் பரப்பு எப்படி மாறியது என்ற கேள்விக்கும் அதே தாளில் இடமிருக்கும்.

ஹெட்செட்டை விடவும் மனமில்லை என்றால் அதற்கும் பயனுள்ள வழி ஒன்று உண்டு. தட்டை வரைபடத்தையும் தூண் காட்சியையும் வகுப்புத் தோழர்களிடம் காட்டி, ஒரே கேள்விகளைக் கேட்டு, விடை சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தையும் செய்த பிழைகளையும் பதிவு செய்யுங்கள். பாதிப் பேர் முதலில் தூண்களையும் மீதிப் பேர் முதலில் தாளையும் பார்க்கட்டும். எது தெளிவாக இருந்தது என்று நினைக்கிறார்கள் என்பதைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தெளிவாக இருந்தது என்ற எண்ணத்துக்கும் சரியாகச் சொன்ன விடைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை அளப்பது, ஒரு புள்ளியியல் மாணவிக்குத் தூண்களை அடுக்கிக் காட்டுவதைவிடப் பெருமை தரும் அத்தியாயமாக அமையும்.

கேள்வி: உழவர் பயிற்சி ஒன்றில் எங்கள் பகுதியின் நிலத்தடி அடுக்குகளை ஹெட்செட்டில் காட்டினார்கள். மணல் அடுக்கு ஒரு நிறத்திலும் களிமண் அடுக்கு இன்னொரு நிறத்திலும் இருந்தன. உப்பு நீர் எங்கே, நல்ல நீர் எங்கே என்று குனிந்தும் சுற்றியும் பார்த்தேன். பக்கத்து வயல் போர் என்னுடைய போரின் ஆழமே இருந்தும் அதில் ஏன் உப்பு நீர் வருகிறது என்பது முதன்முறையாகப் புரிந்ததுபோல் இருந்தது. இதற்கு முன் இதே விவரத்தைத் தாளில் பலமுறை காட்டியிருக்கிறார்கள், அப்போது விளங்கவில்லை. எனக்குப் புரிந்தது உண்மைதானா, அல்லது வித்தையைப் பார்த்து மயங்கிவிட்டேனா?
– விவசாயி, திருத்துறைப்பூண்டி வட்டம்

பதில்: ஐயா, தங்களுக்குப் புரிந்தது உண்மையே. மெய்நிகர்க் காட்சி தன் முழுத் திறனையும் காட்டும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

காவிரி கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும் களிமண்ணும் பாய் விரித்ததுபோல ஒரே சீராகப் படியவில்லை. ஆறு தடம் மாறிய இடங்களில் மணல் தடித்தும், வெள்ளம் தேங்கிய இடங்களில் களிமண் தடித்தும் படிந்தன. ஓர் அடுக்கு ஓரிடத்தில் தொடங்கிச் சிறிது தூரத்தில் மெலிந்து மறைந்துபோகும். அதனால் ஆழம் ஒன்றாக இருந்தாலும் இரண்டு போர்களின் குழாய் நுனி இரண்டு வெவ்வேறு மணல் அடுக்குகளில் நிற்கலாம். ஓர் அடுக்கில் மேலிருந்து இறங்கும் நன்னீர் சேரலாம். இன்னோர் அடுக்கு கடற்பக்கத்து உப்பு நீருடன் தொடர்பு கொண்டிருக்கலாம். தாளில் இதைக் காட்ட வேண்டுமானால் நிலத்தை ஒரு கோட்டில் வெட்டி அதன் குறுக்குமுகத்தை வரைவார்கள். தங்கள் போர் ஒரு வெட்டிலும் அண்டை வயல் போர் வேறொரு வெட்டிலும் இருந்தால், இரண்டு படங்களையும் மனத்துக்குள் பொருத்தும் வேலை தங்களுடையதாகிவிடும். பழகிய நிலத்தடி வல்லுநர் அதைச் செய்துவிடுவார். மற்றவர்களுக்குப் பொருத்தித் தரும் வேலையை ஹெட்செட் செய்தது.

அதை அது எப்படிச் செய்கிறது? இரு கண்களுக்கும் சற்றே மாறுபட்ட படங்களைக் காட்டுவதால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு பகுதியே. கொலின் வேர், கிளென் ஃபிராங்க் ஆகியோர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், கோடுகளால் இணைக்கப்பட்ட புள்ளிகளின் முப்பரிமாண வலையைக் காட்டி, குறிப்பிட்ட இரண்டு புள்ளிகளுக்கு இடையே வழி இருக்கிறதா என்று கேட்டனர். தட்டையான படத்தில் புரிந்துகொள்ள முடிந்த வலையின் அளவை ஒன்று என்று கொண்டால், இரு கண்களுக்கும் தனிப்படம் காட்டியபோது அது 1.6 மடங்கானது, தலையை அசைக்கும்போது காட்சியும் அதற்கேற்ப நகர்ந்தபோது 2.2 மடங்கானது, இரண்டும் சேர்ந்தபோது ஏறத்தாழ 3 மடங்கானது. தலையின் அசைவு இருகண் பார்வையை விஞ்சியதைக் கவனியுங்கள். பேருந்தின் சன்னலோரம் அமர்ந்திருக்கையில் வாய்க்கால் கரைத் தென்னை விரைந்து பின்னே போக, தூரத்துக் கோபுரம் மெல்ல நகர்வதைக் கொண்டே எது அருகில், எது தொலைவில் என்று அறிகிறோம். தாங்கள் குனிந்தும் சுற்றியும் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். நாற்காலியில் அசையாமல் உட்கார வைத்துக் காட்டியிருந்தால் பாதிப் பயன் போயிருக்கும்.

இனி எச்சரிக்கையாகவும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தாங்கள் பார்த்த வழுவழுப்பான அடுக்குகளை யாரும் தோண்டிப் பார்த்து வரையவில்லை. எங்கெங்கே ஆழ்துளை இட்டு மண் எடுத்தார்களோ, மின்தடை அளந்தார்களோ, அந்த இடங்களில் மட்டுமே விவரம் உண்டு. இடைப்பட்ட நிலம் முழுவதையும் கணினி கணக்கிட்டு நிரப்புகிறது. தாளில் இப்படி நிரப்பிய பகுதியைப் புள்ளிக்கோட்டால் வரைவது நிலவியலாளர் வழக்கம். அந்தப் புள்ளிக்கோடு பார்ப்பவரிடம் இது ஊகம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஹெட்செட்டுக்குள் அளந்த இடமும் ஊகித்த இடமும் ஒரே நிறத்தில், ஒரே திண்மையில், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன. சுற்றி வந்து பார்த்த ஒன்றை ஊகம் என்று நம்புவது எவருக்கும் கடினம். அடுத்த பயிற்சியில் அடுக்குகளை அணைத்துவிட்டு, ஆழ்துளைகளை மட்டும் ஊசிகளாகக் காட்டும்படி கேளுங்கள். தங்கள் வயலுக்கு அருகில் எத்தனை ஊசிகள் நிற்கின்றன, அவை எந்த ஆண்டில், கோடையிலா மழைக்குப் பின்னா அளக்கப்பட்டவை என்று பாருங்கள். அருகில் ஊசியே இல்லை என்றால், புதிய போர் போடும் முடிவை அந்தக் காட்சியை நம்பி எடுக்க வேண்டாம்; தண்ணீர் மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுத்து, உப்பின் அளவை உணர்த்தும் அதன் மின்கடத்துதிறனைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: இறுதியாண்டுத் திட்டப்பணியாகச் செயற்கைக்கோள் உயரத் தரவைக் கொண்டு டெல்டாவின் நிலப்பரப்பை வி.ஆர். காட்சியாக உருவாக்குகிறோம். எல்லாமே தட்டையாக, ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கிறது. உயரத்தை மட்டும் 50ஆல் பெருக்கச் சொல்கிறார் வழிகாட்டி. அப்படிச் செய்தால் பார்ப்பவர்களைத் தவறாக வழிநடத்துவதாகாதா?
– பொறியியல் மாணவர், தஞ்சாவூர்

பதில்: தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது, நாகப்பட்டினக் கடற்கரை சில மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நேர்கோட்டில் இரண்டுக்கும் இடைத்தூரம் 80 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெரிய கோயில் விமானம் 216 அடி என்று சொல்லப்படுகிறது, அதாவது ஏறத்தாழ 66 மீட்டர். உங்கள் ஊரிலிருந்து கடல் வரையிலான மொத்தச் சரிவும் அந்த விமானத்தின் உயரத்துக்குள் அடங்கிவிடும். 50,000இல் ஒரு பங்காகச் சுருக்கி ஒரு மேசைமேல் வைத்தால் நிலப்பரப்பு ஒன்றரை மீட்டர் நீளம் வரும், சரிவோ ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். ஆகவே பெருக்காமல் காட்ட முடியாது என்று உங்கள் வழிகாட்டி சொல்வதில் நியாயம் உண்டு.

ஆனால் 50 மடங்கு பெருக்கினால் அந்த ஒரு மில்லிமீட்டர் ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் ஆகும். காட்சிக்குள் நிற்பவருக்கு டெல்டா ஒரு மலைச்சரிவாகத் தோன்றும். அதன் மேல் மழை நீரை ஓடவிட்டால், நீர் தானாகவே விரைந்து கடலுக்குப் போய்விடும் என்ற எண்ணம்தான் மிஞ்சும். நம் கடைமடைப் பகுதியின் துயரம் அதற்கு நேர் எதிரானது. கிலோமீட்டருக்கு முக்கால் மீட்டர் அளவே இறங்கி, கடலை நெருங்க நெருங்க அதுவும் குறையும் நிலத்தில் வடிகால்கள் மெல்லத்தான் ஓடும். கடல் மட்டம் உயர்ந்திருக்கும் நேரத்தில் ஓடாமலே நிற்கும். சம்பா, தாளடிப் பயிர் நாள்கணக்கில் மூழ்கிக் கிடக்கும். தட்டையாக இருப்பதால் காட்சி சலிப்பூட்டுகிறது என்கிறீர்கள். டெல்டாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதன்மையான செய்தியே அந்தத் தட்டைத்தன்மைதான். அதை அழித்துவிட்டு அழகான காட்சியைத் தராதீர்கள்.

செய்யத்தக்கது இது. காட்சி பெருக்கப்படாத நிலையில் தொடங்கட்டும். பார்ப்பவர் அந்தத் தட்டைப் பரப்பைச் சிறிது நேரம் பார்க்கட்டும். பிறகு தம் கையாலேயே உயரத்தைப் படிப்படியாகக் கூட்டட்டும். எத்தனை மடங்கு என்பது எப்போதும் கண்ணில் படும்படி எழுதப்பட்டிருக்கட்டும். தஞ்சையில் பெரிய கோயில் விமானத்தையும் அதே மடங்கில் உயர்த்தி நிறுத்தினால், அது ஊசிபோல நீண்டு நிற்பதைக் கண்டவுடன் உயரம் எவ்வளவு மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்பது எவருக்கும் விளங்கிவிடும். தூரத்தைக் கண்ணால் மதிப்பிடச் சொல்லும் பணி எதையும் உங்கள் காட்சியில் வைக்க வேண்டாம். ஹெட்செட்டுக்குள் தூரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்பது பல ஆய்வுகளில் கண்டது. 2013இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, மதிப்பிட்ட தூரம் சராசரியாக உண்மையின் முக்கால் பங்கு அளவிலேயே இருந்தது. புதிய கருவிகளில் நிலை மேம்பட்டிருந்தாலும் குறை முற்றிலும் நீங்கவில்லை.

தரவைப் பற்றியும் ஒரு சொல். நீங்கள் பயன்படுத்துவது 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடார் கொண்டு எடுத்த உயரத் தரவு என்றால், அதற்கு வகுத்த இலக்கே பிழை 16 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதுதான். சமவெளிகளில் நடைமுறைப் பிழை அதைவிடக் குறைவு. ஆயினும் மொத்தச் சரிவே 60 மீட்டருக்குள் அடங்கும் நிலத்தில் சில மீட்டர் பிழை சிறியதன்று. ரேடார் அலை மரங்களின் தலைப்பகுதியிலேயே பெரும்பாலும் திரும்பிவிடுவதால் தென்னந்தோப்பு மேட்டு நிலமாகப் பதிவாகியிருக்கும். 50 மடங்கு பெருக்கும்போது அந்தப் பிழையும் 50 மடங்கு பெருகி, இல்லாத குன்றாக எழுந்து நிற்கும்.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு ஓர் அமைப்பு சில நாட்களுக்கு ஹெட்செட்டுகளைக் கொண்டுவந்தது. வடகிழக்குப் பருவமழை உருவாவதையும் மாவட்ட மழையளவையும் மாணவர்கள் வானத்தில் நின்று பார்த்தார்கள். அப்படி ஓர் ஆர்வத்தை என் வகுப்பில் நான் கண்டதில்லை. ஆனால் அடுத்த வாரம் மழையளவு வரைபடத்தைக் கொடுத்துக் கேள்வி கேட்டபோது, வழக்கமாகப் பாடம் கேட்ட பிரிவைவிட இவர்கள் சிறப்பாக எழுதவில்லை. ஏன்?
– சமூக அறிவியல் ஆசிரியர், மன்னார்குடி

பதில்: தாங்கள் கண்டதைத்தான் ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள். ஜோசலின் பராங், ரிச்சர்டு மேயர் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மனித உடலின் இரத்த ஓட்டத்தைப் பற்றிய பாடத்தை ஒரு குழுவுக்கு ஹெட்செட்டிலும் மற்றொரு குழுவுக்குச் சாதாரணக் கணினிப் படக்காட்சியாகவும் கொடுத்தனர். ஹெட்செட் குழு கூடுதல் ஆர்வம் தெரிவித்தது. தேர்வில் படக்காட்சிக் குழுவே மேலாக எழுதியது. 2019இல் கைடோ மக்ரான்ஸ்கி குழுவினர் ஆய்வகப் பயிற்சி ஒன்றைத் திரையிலும் ஹெட்செட்டிலும் ஒப்பிட்டு, அங்கேயே இருக்கிறோம் என்ற உணர்வு ஹெட்செட்டில் மிகுந்ததையும் கற்றல் குறைந்ததையும் பதிவு செய்தனர். மூளையின் மின்னலைகளை அளந்தபோது மனச்சுமையும் ஹெட்செட்டில் கூடியிருந்தது.

காரணம் ஊகிக்கக் கூடியதே. மேகத்துக்கு நடுவே நிற்கும் மாணவருக்குத் திரும்பிய பக்கமெல்லாம் பார்க்க ஏதோ இருக்கிறது. எந்த மாதத்தில் மழை கூடியது என்பது அந்தப் பலவற்றுள் ஒன்றாகச் சிறுத்துவிடுகிறது. நல்லாசிரியர் கரும்பலகையில் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று பட்டைகளை மட்டும் வரைந்து, தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதங்களில் பெய்கிறது என்று சொல்லும்போது, மாணவர் கண் வேறெங்கும் போக வழியில்லை.

இதற்கு மருந்தும் அதே 2018 ஆய்விலேயே இருக்கிறது. பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் கண்டதைச் சுருக்கி எழுதச் சொன்னபோது, ஹெட்செட்டில் பார்த்தவர்களின் தேர்ச்சி உயர்ந்தது. ஆகவே மூன்று நிமிடம் பார்த்ததும் கருவியைக் கழற்றச் சொல்லுங்கள். கண்டதை நான்கு வரியில் எழுதட்டும், பக்கத்தில் இருப்பவருக்கு வாய்விட்டுச் சொல்லட்டும், மழையளவுப் பட்டையைத் தாமே வரையட்டும். அதன்பின் அடுத்த பகுதியைக் காட்டலாம். ஆர்வம் வீண் என்று நான் கருதவில்லை. வகுப்பில் அதைக் காண்பது எவ்வளவு அரிது என்பதைத் தங்கள் கடிதமே சொல்கிறது. கருவியைக் கழற்றிய பின் அதற்கு ஒரு வேலை கொடுக்கப்பட வேண்டும், அவ்வளவே.

கேள்வி: இது உண்மையிலேயே புதிய நுட்பமா? ஆற்றுக்கரைகளை டிரோன் மூலம் படமெடுத்து ஹெட்செட்டில் பரிசோதிக்கலாம் என்கிறார்கள். எங்கள் பாசனதாரர் சங்கம் ஒன்று வாங்கலாமா?
– ஓய்வுபெற்ற பொறியாளர், திருவாரூர்

பதில்: இரு கண்களுக்கும் வெவ்வேறு படம் காட்டி ஆழத்தைத் தோற்றுவிப்பதைச் சார்லஸ் வீட்ஸ்டன் 1838இலேயே விளக்கிவிட்டார். தலை திரும்பினால் காட்சியும் மாறும் கருவியை 1968இல் ஐவன் சதர்லாந்து செய்து காட்டினார். அது கனமாக இருந்ததால் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. 1990களின் தொடக்கத்தில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் விமானத்தைச் சுற்றி ஓடும் காற்றின் கணக்கீடுகளை இப்படிப் பார்த்தார்கள். இப்போது புதிதாக நேர்ந்திருப்பது விலை இறங்கியது.

கரைப் பரிசோதனைக்கு ஒரு வகையில் இது உதவும். 1997இல் ராண்டி பாஷ் குழுவினர் நடத்திய தேடல் சோதனையில், தேடிய பொருள் இருந்தபோது ஹெட்செட் அணிந்தவர்கள், அசையாத திரையில் பார்த்தவர்களைவிடப் பெரிதாக முந்தவில்லை. பொருள் இல்லாதபோதோ, இல்லை என்று அவர்கள் விரைந்து முடிவுக்கு வந்தார்கள். எங்கே பார்த்தோம், எங்கே பார்க்கவில்லை என்பதை உடல் நினைவில் வைத்துக்கொண்டதால், பார்த்த இடத்தையே மீண்டும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கரையில் உடைப்பு ஏதும் இல்லை என்று உறுதிப்படுத்தும் பணி அத்தகையதே. ஆனால் புல் மூடிய கரையில் நண்டு வளையையும் நீர்க்கசிவையும் டிரோன் படம் காட்டாது என்பது என்னைவிடத் தங்களுக்கு நன்கு தெரியும்.

சங்கம் வாங்குவதைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. ஹெட்செட் ஒருவருக்கான கருவி. ஒருவர் அணிந்துகொண்டு, இதோ இந்த மதகு என்று கை நீட்டினால், மற்றவர்கள் வெறும் காற்றைத்தான் பார்ப்பார்கள். சங்கக் கூட்டத்தில் புரிதல் என்பது படத்தின் மேல் பலர் விரல் வைத்து வாதிடுவதில் பிறக்கிறது. எங்கள் மதகு இங்கே இல்லை, சற்றுக் கிழக்கே என்று ஒருவர் திருத்துவதில் பிறக்கிறது. 1992இல் சிகாகோவில் சுவர்களையே திரைகளாக்கிப் பலர் சேர்ந்து நிற்கும் அறையை உருவாக்கியவர்கள் இக்குறையை உணர்ந்திருந்தார்கள். இப்போதைக்கு அந்தப் பணத்தில் பெரிய நிலப்படம் ஒன்றை அச்சிட்டுக் கொள்ளுங்கள். ஹெட்செட்டை இரவல் வாங்கும் நாளில் அதன் காட்சியைத் தொலைக்காட்சியிலும் தெரியும்படி இணைத்துவிடுங்கள்.

கேள்வி: என் மகன் ஹெட்செட்டில் பத்து நிமிடம் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்கிறான். கண்ணுக்குக் கெடுதலா?
– ஒரு தாய், மயிலாடுதுறை

பதில்: கருவியின் வில்லைகள் கண்ணை ஒரு குறிப்பிட்ட தூரத்தில் குவியச் செய்கின்றன, காட்சியிலுள்ள பொருளோ அருகிலும் தொலைவிலும் இருப்பதாகத் தோன்றி விழிகளை வெவ்வேறு கோணத்தில் திருப்புகிறது. இந்த முரண் களைப்பைத் தருகிறது. உடல் அசையாமல் காட்சி மட்டும் நகர்ந்தால் குமட்டலும் சேரும். இரு வில்லைகளுக்கும் இடையிலான தூரத்தை மகனின் கண்களுக்கு ஏற்ப அமைத்து, காட்சி தானாக நகராத நிகழ்ச்சிகளை மட்டும், குறைந்த நேரம் பார்க்கவிடுங்கள். தலை சுற்றத் தொடங்கினால் உடனே கழற்றிவிட வேண்டும், பழகிவிடும் என்று தொடரக் கூடாது. தயாரிப்பாளர் குறித்திருக்கும் வயது வரம்பையும் பாருங்கள். தொல்லை நீடித்தால் கண் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. இருகண் பார்வையில் குறை உள்ளவர்களுக்கு இக்கருவி மூலமே அது முதலில் தெரியவருவதும் உண்டு.

கேள்வி: கடலோரக் கிராமங்களில் பேரிடர் விழிப்புணர்வுப் பணி செய்கிறோம். புயலில் கடல்நீர் ஊருக்குள் எவ்வளவு உயரம் வரும் என்ற கணக்கீடுகளை வரைபடமாகக் காட்டினால் மக்கள் தலையசைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவரவர் தெருவிலேயே நீர் ஏறுவதுபோல் ஹெட்செட்டில் காட்டினால் புரிந்துகொள்வார்கள் அல்லவா?
– தன்னார்வலர், நாகப்பட்டினம்

பதில்: தங்கள் அக்கறையை மதிக்கிறேன். அதனாலேயே தயங்காமல் சொல்கிறேன்: 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் வந்ததை உடலால் அறிந்தவர்கள் வாழும் தெருக்கள் அவை. தமிழ்நாட்டிலேயே மிகக் கூடுதலான உயிரிழப்பு நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான் நேர்ந்தது. அவர்களுடைய தலையில் ஒரு கருவியை மாட்டி, அதே தெருவில் மீண்டும் நீர் ஏறுவதைக் காட்ட யாருக்கும் உரிமை இல்லை. விரும்புபவர் மட்டும், என்ன வரப்போகிறது என்பதை முழுமையாகக் கேட்டறிந்த பின், எந்த நொடியிலும் கழற்றிவிடலாம் என்ற உறுதியுடன் பார்க்கட்டும்.

நீரின் உயரம் என்பது மெய்நிகர்க் காட்சியால் சிறப்பாக உணர்த்தக் கூடிய அளவுதான். ஒன்றரை மீட்டர் என்ற எண் பலருக்கு எதையும் சொல்வதில்லை. நெஞ்சளவு நீர் என்பதை நின்று பார்த்தால் எவருக்கும் விளங்கும். இந்த இடத்தில் உடலே அளவுகோலாகிறது. ஆகவே நீர் பெருகிவரும் காட்சியும் ஓசையும் இல்லாமல், நீர்மட்டத்தை அசையாத ஒரு தளமாக மட்டும் அவரவர் வாசலில் காட்டலாம். அதற்கு ஹெட்செட்கூடத் தேவையில்லை. தெருவின் மின்கம்பத்தில் பெயின்ட் அடித்து ஒரு கோடு போட்டால் எல்லோரும் எந்நாளும் பார்ப்பார்கள்.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. புயல் முன்னறிவிப்பு என்பது பல வாய்ப்புகளின் தொகுப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தது. கடப்பதற்கு முந்தைய நாள்களில் வானிலைத் துறை கரை கடக்கும் இடத்தை ஒரு நீண்ட கடற்கரைப் பகுதியாகத்தான் சொல்லிவந்தது. தட்டை வரைபடத்தில் புயல் செல்லக்கூடிய பரப்பைக் கூம்பாக வரைந்து, இந்தக் கூம்புக்குள் எங்கும் கடக்கலாம் என்று சொல்ல முடியும். ஹெட்செட்டுக்குள் நிற்பவர் அந்த வாய்ப்புகளில் ஒன்றை மட்டுமே காண்கிறார், அதை நடந்தே தீரும் நிகழ்வாக மனத்தில் பதித்துக்கொள்கிறார். அவருடைய வீட்டு வாசலில் நீர் முழங்காலோடு நின்றுவிட்டதாகக் காட்டியிருந்தால், அடுத்த புயலுக்கு வெளியேறச் சொல்லும்போது, நம் வீட்டுக்கு முழங்கால் அளவுதான் வரும் என்று தங்கிவிடக் கூடும். எனவே ஒரே நீர்மட்டத்தைக் காட்டாதீர்கள். வலுக்குறைந்த புயல், வலுத்த புயல், கடல் மட்டம் உயர்ந்திருக்கும் நேரத்தில் வரும் வலுத்த புயல் என்று மூன்றையாவது அடுத்தடுத்துக் காட்டி, எது வரும் என்று முன்கூட்டியே அறிய வழியில்லை என்பதை அங்கேயே சொல்லுங்கள்.

புரிந்ததா என்று வாய்க்கேள்வியாகக் கேட்காதீர்கள், அப்போதும் தலையசைப்பார்கள். பார்த்து முடித்தவர் கையில் தம் ஊரின் நிலப்படத்தையும் பென்சிலையும் கொடுத்து, வீட்டிலிருந்து புயல் பாதுகாப்பு மையத்துக்குச் செல்லும் வழியை வரையச் சொல்லுங்கள். அந்த வழியில் முதலில் மூழ்கும் இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். இரவில், முதியவரையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு எந்த நேரத்தில் கிளம்ப வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஹெட்செட்டில் பார்த்தவர்களும் வரைபடத்தை மட்டும் பார்த்தவர்களும் கொடுக்கும் விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தபின், மீதமுள்ள கிராமங்களுக்கு எதைக் கொண்டுசெல்வது என்று முடிவு செய்யுங்கள்.